புது ஊருக்குப் பழைய வெற்றிலை: அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரு பயணம்

பங்குனி வெயிலில் அருப்புக்கோட்டைக்குப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஊரே கொடைக்கானலுக்கு ஏறுகிற நேரத்தில் இவள் கரிசல் காட்டுக்கு இறங்குகிறாளே என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. சட்டப் படிப்பில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த கலைச்செல்வி இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். மதுரையில் சட்டம் நடத்துகிற என்னைத் தன் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச வரச் சொல்லியிருந்தாள். அது முதல் காரணம். "மறுநாள் எங்கூர்ல கண்மாய் அழியுதுடி, மீனு கிடைக்கும்" என்று போனில் சொன்னது இரண்டாவது காரணம். எது என்னைப் பேருந்தில் ஏற்றியது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் பேசவேண்டிய தலைப்பு இது: காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட புது நாடுகள், பழைய எசமானர்கள் கையெழுத்திட்டு வைத்திருந்த போர்க்கால மனிதாபிமான ஒப்பந்தங்களை எப்படித் தமதாக்கிக்கொண்டன? தலைப்பைப் பார்த்துப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இதில் மீன் குழம்பும் உண்டு.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். காலையில் போகிறவர்கள் வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் முழுக்க வெயில். எனக்கு இது தெரியாததால் காரியாபட்டி வருவதற்குள் ஒரு கன்னம் மட்டும் வெந்துவிட்டது. காரியாபட்டியில் எதிர்ப் பக்கம் மதுரைக்கு வேலைக்குப் போகிற கூட்டம் நின்றது. எங்கள் பஸ்ஸில் இறங்கினவர்கள் பாதி, ஏறினவர்கள் பாதி. அதன் பிறகு சாலையின் இரு பக்கமும் வெடித்த கரிசலும் பருத்திக் காடும் சீமைக்கருவேலமும்தான். அங்கங்கே கரிமூட்டப் புகை. இந்த நிலத்தை வறட்டு நிலம் என்கிறார்கள். ஆனால் அன்று என் பக்கத்து இருக்கை அம்மா மடியில் வைத்திருந்த மல்லிகைப் பூக் கூடையின் வாசனையில் அந்த வார்த்தை எனக்கு ஒட்டவேயில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கலைச்செல்வி நின்றாள். பதினெட்டு வருடத்தில் உடம்பு கொஞ்சம் பூசியிருந்தாள், வாய் கொஞ்சமும் மாறவில்லை. "ஏடி மீனா, கண்மாய் அழியுதுன்ன ஒடனே ஓடி வந்துட்ட பாத்தியா, பேருப் பொருத்தம்" என்றாள். பக்கத்துக் கடையில் நாலு இட்லியும் ஒரு வடையும் தின்றுவிட்டுக் கல்லூரிக்குப் போனோம்.

கரும்பலகையில் 'அரசுகளின் வாரிசுரிமை' என்று எழுதினேன். பாடநூல்களில் இருக்கிற சொல்தான். முன்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "மேடம், வாரிசுன்னா யாராச்சும் செத்திருக்கணும்ல? வெள்ளைக்காரன் நாடு உசுரோடதான இருக்கு?" பின்னாலிருந்து இன்னொரு குரல், "அப்ப வாரிசு சர்டிபிகேட்டுக்கு எந்தத் தாசில்தார்ட்ட போவாக?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வாரிசு என்பதை அழித்துவிட்டுத் 'தொடர்ச்சி' என்று எழுதினேன். நல்ல சொல்லா என்று அப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

சுருக்கமாக உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். காயம்பட்டவரைத் தாக்காதே, மருந்தை மறிக்காதே, பிடிபட்டவனை வதைக்காதே என்கிற ஜெனீவா ஒப்பந்தங்களில் பெரிய நாடுகள் கையெழுத்திட்டபோது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் அவர்கள் கைக்குள் இருந்தன. விடுதலை கிடைத்ததும் அந்த நாடுகளின் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, புதிதாக வந்து சேர்வது. அப்படிச் சேர்ந்தால் ஒப்பந்தம் பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். விடுதலை நாளுக்கும் அந்த நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். இன்னொன்று, 'நாங்கள் ஏற்கெனவே இதில்தான் இருக்கிறோம், தொடர்கிறோம்' என்று சுவிட்சர்லாந்து அரசுக்கு அறிவிப்பது. அப்படிச் சொன்னால் விடுதலை பெற்ற நாளிலிருந்தே கணக்கு, இடைவெளி கிடையாது. பல நாடுகள் இரண்டாவது வழியில் போயின. சில நாடுகள் முதல் வழியில் போயின.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்களக் கேக்காம எங்க பேர்ல அவுக போட்ட கையெழுத்து எங்கள ஏன் மேடம் கட்டணும்?" என்று கேட்டாள். கேள்வி சுள்ளென்று இருந்தது. கட்டுப்பட வேண்டியதில்லை என்று வாதிட்ட நாடுகள் உண்டு, அதில் நியாயமும் உண்டு என்றேன். ஆனால் இந்த ஒப்பந்தம் காப்பது கையெழுத்திட்டவனை அல்ல, அடிபட்டுக் கிடக்கிறவனை. இடைவெளி விட்டால் அதில் விழப்போவது அவன்தான் என்றும் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள், ஆனால் ஒப்புக்கொண்ட முகமாக இல்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்தது.

மாலையில் திருச்சுழி. அருப்புக்கோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கோயிலில் கூட்டமில்லாத ஒரு மணி நேரம் கிடைத்தது. குண்டாற்றில் தண்ணீர் இல்லை, மணல் மட்டும் இன்னும் சூடாக இருந்தது. செருப்பைக் கழற்றி நடக்கலாம் என்று ஆசைப்பட்டு மூன்றே எட்டில் துள்ளிக்கொண்டு திரும்பினேன். கலைச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அங்கிருந்து அவள் ஊருக்கு ஷேர் ஆட்டோ. இனி வருகிற மூன்று ஊர்களுக்கும் நான் வைத்திருப்பது மாற்றுப் பெயர்கள். நிலபுலன் உள்ள குடும்பங்களின் ஊர் பெரியூர். அந்த நிலங்களில் ஒரு காலத்தில் கூலி வேலை செய்த குடும்பங்களின் குடியிருப்பு ஓடைக்கு இந்தப் பக்கம். இப்போது அங்கே நர்ஸ் உண்டு, லாரி டிரைவர் உண்டு, மில் வேலை உண்டு, துபாய் உண்டு, என் தோழி மாதிரி கல்லூரி ஆசிரியையும் உண்டு. நாலு வருடம் முன்பு அவர்கள் தனி ஊராகிவிட்டார்கள். தனிப் பொங்கல், தனி வரி, தனி ரேஷன் கடை, பஸ் ஸ்டாப்பில் தனிப் பலகை. அதுதான் புதூர். கண்மாய்க்கு அந்தக் கரையில் இருக்கிற மூன்றாவது ஊர் கரையூர். அதுவும் நிலக்காரர்களின் ஊர், பெரியூரோடு கண்மாயில் சரிபாதிப் பங்கு உள்ள ஊர்.

ஆட்டோ புதூரை நோக்கிப் போகாமல் சுற்றிக்கொண்டே போனது. பள்ளத்தில் விழுந்து எழுந்து என் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. "ஊரு அந்தா தெரியுதுல்ல, எதுக்கு இப்படிச் சுத்துறீங்க?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"கரைப் பாதையில கரையூர்க்காரக முள்ளு வெட்டிப் போட்டுட்டாகக்கா. ரெண்டு கிலோமீட்டர்ல போறதுக்கு இப்பப் பதினோரு கிலோமீட்டரு. எனக்கும் டீசல் என்ன கொளத்துலயா ஊறுது?"

காரணத்தைக் கலைச்செல்வி சொன்னாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத காரணம். மீன்பிடிக்குக் கரையூர்க்காரர்கள் பெரிய பிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். அதில் 'பெரியூர், கரையூர் பொதுமக்கள்' என்று மட்டும் போட்டிருந்தது. புதூர் பெயர் இல்லை. புதூர் இளவட்டங்களுக்குப் பொறுக்கவில்லை. 'புதூர்' என்று கொட்டை எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து, மைதாப் பசை காய்ச்சி, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டிவிட்டார்கள். இருட்டில் பார்க்காமல் ஒட்டியதால் அது போய் உட்கார்ந்த இடம் போர்டில் இருந்த கரையூர்த் தலைவர் சுப்பையா படத்தின் முகம். விடிந்து பார்த்தால், பட்டு வேட்டி கட்டி, கும்பிட்ட கையோடு, முகத்துக்குப் பதிலாகப் 'புதூர்' என்ற எழுத்தோடு அவர் நின்றிருக்கிறார். மறுநாளே பாதையில் முள் விழுந்துவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர் கலைச்செல்வியின் சித்தப்பா மாரிமுத்து. லாரி ஓட்டியவர், அறுபது வயது. சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு நாள் அருப்புக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். ரத்தம் சுத்திகரித்துத் துவண்டு வருகிற மனிதரை அந்தப் பதினோரு கிலோமீட்டர் பள்ளத்தில் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். போன தடவை வீட்டு வாசலில் இறக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாராம். திங்கட்கிழமை மறுபடியும் போகவேண்டும்.

நான் பாவப்பட்ட முகத்தோடு அவரைப் பார்க்கப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தே சிரித்தார். "வா தாயி. இந்தப் பக்கத்துல பழைய பேச்சு ஒண்ணு உண்டு. எம்புட்டுச் சண்டைன்னாலும் தண்ணி, நோவு, சாவு, இந்த மூணையும் பாதையில மறிக்கக் கூடாது. எனக்குத் தண்ணிய டாக்டரு மறிச்சுட்டாரு. நோவ கரையூர்க்காரக மறிச்சுட்டாக. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான், அதுக்கு எனக்கு அவசரம் இல்ல."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பழைய பேச்சைப் பற்றித் தோண்டித் துருவிக் கேட்டேன். யார் காலத்திலோ நடந்த ஒரு கண்மாய்ச் சண்டைக்குப் பிறகு, பெரியூர்த் தலைவரும் கரையூர்த் தலைவரும் கரையிலிருக்கும் அய்யனார் முன்னால் வெற்றிலை மாற்றி மென்று செய்துகொண்ட உடன்பாடு அது. தண்ணீருக்குப் போகிறவர், நோயாளி, பிணம், மூன்றுக்கும் எந்தச் சண்டையிலும் வழி உண்டு. வாய் சிவக்க மென்றால் வாக்கு. இது வரைக்கும் யாரும் மீறியதில்லை.

"அப்ப இப்ப மட்டும் எப்படி மறிக்கிறாங்க?"

"அங்கதான் இருக்கு சங்கதி" என்றாள் கலைச்செல்வி. "வெத்தலை போட்டது பெரியூரும் கரையூரும். புதூர்னு ஒரு ஊரு அப்ப இல்ல. தனி ஊரா ஆயிட்டீகள்ல, ஒங்களுக்கும் எங்களுக்கும் என்ன வாக்குன்னு கேக்குறாக. வேணும்னா புதுசா வெத்தலை போடுங்க, ஒத்துக்கிறோம்ங்கிறாக."

"போட்டுட்டாப் போச்சு!"

"வெத்தலை மாத்துறது மாசி செவராத்திரியில மட்டுந்தான்டி. இந்த வருசத்துது முடிஞ்சுபோச்சு. அடுத்த மாசிக்கு இன்னும் பத்து பதினோரு மாசம் கெடக்கு. அது வரைக்கும் சித்தப்பா?"

காலையில் கரும்பலகையில் எழுதி அழித்ததெல்லாம் சாயங்காலம் ஒரு கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. புதிதாகச் சேர்வதா, தொடர்வதா என்ற அதே கேள்வி. நடுவில் விழுகிற அந்த இடைவெளிக்கு இங்கே ஒரு பெயரும் ஒரு நரைத்த மீசையும் இருந்தன. சந்தோஷப்படக் கூடாத நேரம் என்று தெரிந்தும் எனக்குள் ஒரு குதூகலம். வாத்தியார் புத்தி அப்படித்தான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்மாய்க் கரையில் மூன்று ஊரும் கூடிவிட்டது. சண்டை இருந்தாலும் மீனை விட யாருக்கு மனசு வரும்? 'கண்மாய் அழிகிறது' என்றால் பயந்துவிடாதீர்கள். வெயிலில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். பிடித்த மீனை விற்கக் கூடாது, குழம்புதான் வைக்கவேண்டும். தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மூங்கில் சிம்பில் பின்னிய ஊத்தாக் கூடை, வலை, கொசுவலை, பழைய சேலை, பிளாஸ்டிக் வாளி என்று ஆளுக்கொரு ஆயுதத்தோடு நின்றார்கள். மாரிமுத்துவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குடை பிடித்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் இருபது அடி தள்ளி முள்மலை. அந்தப் பக்கம் கரையூர்.

சுப்பையா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கலைச்செல்வி முன்னால் போய் நின்றாள்.

"தலைவரே, துண்ட வீசுறதுக்கு முன்னாடி அந்த முள்ளுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"நாந்தான் சொல்லிட்டேனேம்மா. புது ஊருன்னா புது வெத்தலை. மாசிக்கு வாங்க, மொத ஆளா நானே மாத்துறேன்."

"நாங்க புது ஊருதான். வாக்கு புதுசு இல்லையே."

"வாக்குக் குடுத்தது பெரியூரு. வெத்தலை அவுக வாயில. ஒங்க வாயி அப்ப எங்க இருந்துச்சு?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெரியூர்க்காரர்கள் கரையோரமாக நின்று மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்களை ஏன் இழுக்கிறீர்கள் என்பது போல. கலைச்செல்வி சட்டென்று என் கையைப் பிடித்து முன்னே இழுத்தாள். "இவ மதுரையில சட்டம் நடத்துறவ. நாடுகளே இந்தப் பிரச்சினையில என்ன செஞ்சாகன்னு இவ சொல்லுவா."

சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு, கையில் வாளியோடு, அப்படியொரு கோலத்தில் நான் சர்வதேசச் சட்டம் பேசியது அதுவே முதல் தடவை. அடிமைப்பட்டிருந்த நாடுகள் விடுதலையாகித் தனியாக வந்ததையும், நோயாளியை மறிக்காதே என்று பழைய ஆட்சிக்காரன் கொடுத்திருந்த வாக்கையும், புதுசாகச் சேர்வதற்கும் தொடர்வதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொன்னேன். நிறையப் பேர் தொடர்கிறோம் என்றுதான் அறிவித்தார்கள், உலகமும் ஒப்புக்கொண்டது என்று முடித்தேன்.

சுப்பையா கவனமாகக் கேட்டார். மனிதர் கெட்டவர் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. முகத்தில் மைதா ஒட்டியதுதான் ஆறவில்லை. "அவுகளும் வெத்தலை போட்டாகளா டீச்சரம்மா?"

"இல்லைங்க, ஒரு லெட்டரு."

"லெட்டரு யாரு வேணா எழுதலாம். இவுக அந்த வாக்குல இருந்தாகன்றதுக்கு என்ன இருக்கு?"

அப்போது நாற்காலியிலிருந்து மாரிமுத்துவின் குரல் வந்தது. கிண்டல் இல்லாத குரலில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துல பெரியூர்க்காரக சொல்லி அந்தப் பக்கம் பாதையில முள்ளு வெட்டிப் போட்டது யாரு? எங்க அய்யா. நோவாளி வண்டி வந்துச்சுன்னா ராவும் பகலும் ஓடிப்போயி அந்த முள்ளக் கையால அள்ளி எடுத்தது யாரு? அதுவும் எங்க அய்யாதான். எங்களக் கேட்டு யாரும் வெத்தலை போடல, நெசந்தான். மத்த பேச்செல்லாம் அந்தக் காலத்தோட போகட்டும், எங்களுக்கு வேணாம். ஆனா இந்த ஒரு வெத்தலை இருக்கே, அவுக வாயில செவந்துச்சு, எங்க கையில செவந்துச்சு. இத எப்படி எங்களுது இல்லன்றீக?"

எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. கடைசி வரிசைப் பெண்ணின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுபாதியும் அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. கையெழுத்துப் போட்டவன் ஒருவன், அதைக் காப்பாற்றியவன் இன்னொருவன். காப்பாற்றியவன் கேட்டால் யார் மறுக்க முடியும்?

கரையூர்ப் பக்கத்திலிருந்து ஊத்தாக் கூடையைத் தலையில் கவிழ்த்திருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். பேச்சியம்மா, சுப்பையாவின் சொந்தத் தம்பி மனைவி.

"மச்சான், அத்தை செத்த அன்னைக்கு மறந்துபோச்சா? ரெண்டு ஊரு பயலுகளுக்கும் கிரிக்கெட்டுச் சண்டை நடந்துக்கிட்டு இருந்துச்சு. இவுக பொங்கலு, மைக்செட்டு, கொட்டு, அம்புட்டும் போய்க்கிட்டு இருந்துச்சு. அத்தையத் தூக்கிட்டு இவுக தெரு வழியா வாரோம். ஒரு பய மறிக்கல. கொட்ட நிறுத்திட்டு, லைட்டப் பிடிச்சுக்கிட்டுல்ல நின்னாக. அன்னைக்கு இவுக தனி ஊரு ஆயி ரெண்டு வருசம் ஆச்சு. ஒங்கம்மாவுக்குப் பாதை விடுறதுக்கு இவுக நம்மகிட்ட வெத்தலை கேட்டாகளா?"

சுப்பையா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு முறை துடைத்தால் போதும், அவர் மூன்று நான்கு முறை துடைத்தார். பிறகு திரும்பித் தன் ஊர் இளவட்டங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? போட்டவன்தான் எடுக்கணும். முள்ள எடுங்கடா!"

குலவைச் சத்தம் மூன்று ஊர்ப் பெண்களிடமிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பியது. காது அடைத்துவிட்டது. கரையூர்ப் பையன்கள் முள்ளை இழுக்க, பசை காய்ச்சிய புதூர்ப் பையன்களும் போய்க் கூடவே இழுத்தார்கள். பாதை திறக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சுப்பையா நேராக நாற்காலிக்குப் போய், வெள்ளைத் துண்டை நீட்டினார்.

"இந்த வருசம் நீங்க வீசுங்க மாரிமுத்து."

கலைச்செல்வி என் கையை நகம் பதியக் கிள்ளினாள். ஏன் என்று பிறகுதான் சொன்னாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சித்தப்பாவைச் சுப்பையா 'வா, போ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாராம். 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

மாரிமுத்து எழுந்து நின்று துண்டை வீசினார். அதன் பிறகு நடந்ததை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை. ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கின. நானும் இறங்கினேன். கெளுத்தி ஒன்று கையைக் குத்தியது, கட்லா ஒன்று என் முழங்காலில் மோதி என்னைச் சேற்றில் உட்காரவைத்துவிட்டுப் போயிற்று. ஒரு மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு என் வாளியில் இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஜிலேபி மீன். பேச்சியம்மா என் வாளியை எட்டிப் பார்த்தாள். "பேசுற வாய்க்கு இம்புட்டுத்தானா?" என்று ஒரு விராலை எடுத்து அதில் போட்டாள். மத்தியானம் மூன்று ஊரிலும் மிளகாய் அரைக்கிற வாசனை. கம்பஞ்சோறும் விரால் குழம்பும் சாப்பிட்ட கையை நான் மனசில்லாமல்தான் கழுவினேன். மாரிமுத்துவுக்கு ஒரே ஒரு துண்டு மீன், ரெண்டு வாய் குழம்பு. அதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கண்மாய் அழிகிற நாள் எந்த விளம்பரத்திலும் வராது, தண்ணீர் எப்போது வற்றுகிறதோ அப்போதுதான். பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கத்து ஆட்களிடம் போனில் விசாரித்துக்கொண்டே இருங்கள். சேற்றுக்கு எந்தச் செருப்பும் உதவாது, மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துப்போங்கள். தங்குவதற்கு அருப்புக்கோட்டையில் சாதாரண லாட்ஜுகள் உண்டு. திரும்பும்போது மல்லிகைப் பூவும் காராச்சேவும் வாங்காமல் வராதீர்கள். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள், நான் போட்டேன். எம்.ரெட்டியபட்டி, பாலவனத்தம் பக்கமெல்லாம் சுற்ற நினைத்தால் ஷேர் ஆட்டோவை நம்பலாம், நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. முக்கியமாக, பிளெக்ஸ் போர்டு பக்கத்தில் நின்று சிரிக்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை நானும் மாரிமுத்துவோடு அதே ஆட்டோவில் கிளம்பினேன். அவர் ஆஸ்பத்திரிக்கு, நான் பஸ் ஸ்டாண்டுக்கு. ஆட்டோ கரைப் பாதையில் அலுங்காமல் போனது. ஓரத்தில் ஒதுக்கிய முள் காய ஆரம்பித்திருந்தது. கரையூர் டீக்கடை முன்னால் சுப்பையா கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தினார். மறுபடியும் மறிக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு வெற்றிலைத் தட்டு.

"வழிக்கு ரெண்டு வெத்தலை போட்டுக்கிட்டுப் போங்களேன் மாரிமுத்து. டீச்சரம்மா, நீங்களும் எடுத்துக்கங்க."

நான் எடுத்துக்கொண்டேன், நான் புது ஆள்தானே. மாரிமுத்து தட்டைப் பார்த்தார், சுப்பையாவைப் பார்த்தார். மீசை மெல்லத் துடித்தது.

"வேணாம் அண்ணாச்சி. எங்க ஊருல எல்லாரும் ஏற்கெனவே போட்டாச்சு."

சுப்பையா சிரித்த சிரிப்பு கண்மாயின் மறுகரை வரை கேட்டிருக்கும்.